துரைக்கு முப்பத்திரண்டு டிகிரி

மார்ச் 3

காலையில் மருந்துக் கிடங்கின் குளிர் அறை. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். கதவு ரப்பர் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். மதியம் வீடு திரும்பினால் கூடத்தில் எனக்கு உட்கார இடமில்லை. என் நாற்காலி இருந்த இடத்தில் அக்காவின் கண்ணாடிப் பெட்டி. உள்ளே துரை.

துரை ஒரு பல்லி. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள். சிறுத்தைப் பல்லி என்கிறாள். அக்கா பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவள். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போவார்கள். இவள் பல்லியைக் கேட்டு வாங்கி வந்தாள். மாமா போய் எட்டு மாதமாகிறது. தனியாகக் கிடக்க வேண்டாம், வந்துவிடு என்று நான்தான் கூப்பிட்டேன். துரையோடு வருவாள் என்று நினைக்கவில்லை.

மார்ச் 6

அக்கா பெட்டியை விளக்கினாள். இடது பாதிக்கு அடியில் ஹீட் மேட், கரண்டில் சூடாகிற விரிப்பு. அதன் மேல் ஒரு ஓடு. ஓட்டுக்கும் மேட்டுக்கும் நடுவில் தெர்மோஸ்டாட்டின் சென்சார். முப்பத்திரண்டு தாண்டினால் மேட் அணைந்துவிடும்.

"இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கம் குளிர்ச்சி. எது வேணுமோ அங்க அவனே போய்க்குவான். வயித்துல சூடு பட்டாத்தான் தின்னது செரிக்கும்."

"தெர்மோஸ்டாட் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

"உனக்குக் குளிர வைக்கத்தானேடா தெரியும்."

சிரித்துவிட்டுப் போனாள். முப்பது வருஷத் தொழில். சுருக்கென்றுதான் இருந்தது.

மார்ச் 11

துரை வாலை ஆட்டி ஆட்டிக் குறிபார்த்துப் புழுவைப் பிடித்தான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

மார்ச் 15

அக்கா கண் டாக்டரிடம் போயிருந்தாள். வந்து பார்த்து அசந்து போகட்டும் என்று பெட்டியில் கை வைத்தேன். ஓட்டுக்கு அடியில் டேப் உரிந்து கிடந்தது, ஒயர் சிக்கிய நூல்கண்டு போல. எல்லாவற்றையும் கழற்றி, பெட்டிக்குப் பின்னால் கிளிப் போட்டு நேராக இழுத்தேன். சென்சாரைப் பெட்டிக்குள் வலது பக்கச் சுவரில் பொருத்தினேன். சூடாகிற இடத்தின் மேலேயே யாராவது சென்சாரை வைப்பார்களா? ஃபிரிட்ஜில் குளிர் தருகிற காயிலின் தலையிலா வைக்கிறோம், உள்ளே இருக்கிற காற்றைத்தானே அளக்கிறோம்?

"ஒயரை ஒழுங்கு பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். "நல்லா இருக்குடா" என்றாள். மாமாவுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் வராது என்றும் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 19

துரை மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வலது மூலையிலேயே கிடக்கிறான். புதுக் கடையில் வாங்கிய புழு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள் அக்கா. இன்று கையில் எடுத்துத் திருப்பினாள். வயிற்றில் சிவப்பாக ஒரு திட்டு. நாளைக்கு மருத்துவரிடம்.

மார்ச் 20

தீக்காயம்.

மருத்துவர் இளம் பெண். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கீழேயிருந்து சூடு அதிகமாப் போயிருக்கும்மா. தெர்மோஸ்டாட்டுல ஏதாவது கோளாறா?"

"இருக்காதே. பெட்டிச் சுவத்துல இருக்கற சூட்டு மீட்டர் சரியாத்தானே காட்டுச்சு. என் தம்பி மெக்கானிக் வேற" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைகால் கழுவப் போனாள். என் பையில் எப்போதும் இருக்கிற வெப்பமானித் துப்பாக்கியை எடுத்து ஓட்டின் மேல் குறிவைத்தேன். நாற்பத்தேழு. வலது சுவர், இருபத்தெட்டு.

நாற்பத்தேழு! சென்சார் இருக்கிற சுவர் என்றைக்கும் முப்பத்திரண்டுக்கு வரப்போவதில்லை. அதனால் மேட் அணையவே இல்லை. ஐந்து நாள். பையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு — ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அளந்து பார்த்திருந்தால்? மருந்துக் கிடங்கில் அளக்காமல் வருவேனா?

அவசர அவசரமாக சென்சாரைக் கழற்றி ஓட்டுக்கு அடியில் திரும்ப வைத்தேன். குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் முடித்துவிட்டேன்.

அக்கா வந்தாள். "நான் வாங்கின தெர்மோஸ்டாட் மட்டமான சரக்கு போல. விலை குறைவுன்னு பாத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள்.

துப்பாக்கியைப் பைக்குள் வைத்து மூடினேன்.

மார்ச் 21

புது தெர்மோஸ்டாட் வாங்கி வந்து மாட்டினேன். பழையதைக் குப்பையில் போட்டாள். அதில் ஒரு குறையும் கிடையாது.

மார்ச் 23

இரண்டு வேளை களிம்பு தடவுகிறாள். துரையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தடவுகிறாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன படித்தேன் என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 24

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்த டாக்டருக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பல்லி வளக்கறாராம். துரையை அவர்கிட்ட குடுத்துடலாம்னு பாக்கறேன். என்னால இனிமே பாத்துக்க முடியாது போல. கண்ணும் சரியில்ல, புத்தியும் சரியில்ல." தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நானும் எத்தனை நாளைக்கு உனக்குப் பாரமா..." என்றாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "அக்கா, நான்தான். நான்தான் சென்சாரை மாத்தி வெச்சேன். உன் தெர்மோஸ்டாட் நல்லாத்தான் இருந்துச்சு."

குழாயை மூடினாள். "எப்பத் தெரியும்?"

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னைக்கே."

கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 25

டீ மட்டும் மேசைக்கு வந்தது.

மார்ச் 27

வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தினாள். "நீ தப்பா வெச்சது பெருசில்லடா. ஆய்வகத்துல நான் உடைக்காத கண்ணாடியா? ஆனா நாலு நாளா நான் அழுதுட்டிருந்தேன். நீ பாத்துட்டே இருந்தே."

"ஆமாக்கா" என்றேன். அதுதான் உண்மை.

"அந்தத் துப்பாக்கியை வெச்சிட்டுப் போ. எப்படிப் பாக்கறதுன்னு காட்டு."

காட்டினேன். ஓடு, முப்பத்திரண்டு. வலது மூலை, இருபத்தைந்து. வேலைக்கு அரை மணி தாமதம்.

ஏப்ரல் 2

சாப்பிட்டான்! ஒரே ஒரு புழு. வேலையில் இருக்கும்போதே போன் போட்டுச் சொன்னாள். ஏணி மேல் நின்றுகொண்டு சிரித்திருக்கிறேன். கிடங்கு மேலாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஏப்ரல் 9

இப்போது அக்காவும் நானும் தினம் காலையில் மாறி மாறி அளக்கிறோம். ஒருவர் அளந்ததை இன்னொருவர் நம்புவதில்லை. அவள் முப்பத்தொன்று என்றால் நான் ஒருமுறை சுட்டுப் பார்க்கிறேன். "சந்தேகப் பிராணி" என்கிறாள். துரை இரண்டு பேரையும் சட்டை செய்யாமல் ஓட்டின் மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்திருக்கிறான்.

ஏப்ரல் 20

துரை தோல் உரித்தான். உரித்ததை அவனே தின்றும் விட்டான். வயிற்றில் வெளிறிய தழும்பு ஒன்று இருக்கிறது. அது போகாது என்றார் மருத்துவர், வலியிருக்காது என்றும் சொன்னார்.

பல்லி வளர்க்கிறவர் என்று யாரோ வாசலுக்கு வந்தார். அக்காவே போய்ப் பேசினாள். "குடுக்கறதா இல்லைங்க. வீண் அலைச்சல் குடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று அவருக்கு டீ கொடுத்து அனுப்பினாள்.

அவர் போன பிறகு, "எங்க பழைய வீட்டுல மாமாவோட பீரோ ஒண்ணு கிடக்கு. ஞாயித்துக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். என் ரூம்ல எந்தச் சுவர் ஓரமா வைக்கலாம்?" என்று கேட்டாள்.

அகலம் எவ்வளவு என்றேன். தெரியாது என்றாள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் செருப்பை மாட்டினோம்.