மூச்சுக் கணக்கு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

பெட்டி வந்து சேர்ந்திருக்கும். வெள்ளை நிறம், சோப்புப் பெட்டி அளவு. கூடத்து அலமாரி மேல் வைத்துச் செருகினால் போதும், உன் வீட்டிலும் வைஃபை. கைபேசியே வைத்துக்கொள்ளாத எனக்கு எதற்கு என்பாய். உனக்காக இல்லை, என் வேலைக்காக.

தனியாக வசிப்பவர்களுக்காக எங்கள் கம்பெனி செய்வது இது. வைஃபை அலை வீடு முழுக்க நிற்கிறது. நடுவில் ஓர் உடம்பு அசைந்தால் கலங்குகிறது. அந்தக் கலக்கத்தை வைத்து, யாராவது விழுந்தால் கண்டுபிடிக்கலாம். மூச்சுக்கு நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடப் பிடித்துவிடும். படம் எடுக்காது. பேச்சைக் கேட்காது. சோதனைக்கு ஒற்றை ஆள் இருக்கும் வீடு வேண்டும் என்றார்கள். அண்ணி உன்னை விட்டுப் போன பிறகு எனக்குத் தெரிந்த ஒற்றை ஆள் நீதான். கோபித்துக்கொள்ளாதே.

ஒழுங்காகச் சாப்பிடு.

உன் வாலு

மார்ச் 15

அன்பு வாலுக்கு,

செருகிவிட்டேன். பச்சை விளக்கு எரிகிறது. இத்தனை வருடம் படியில் முகம் திருப்பிக்கொண்டு போன மேல்வீட்டுக்காரர் இப்போது சிரிக்கிறார். பாஸ்வேர்டு வேண்டுமாம்.

உன் கடிதத்தில் நாலு இடத்தில் ஒற்று இல்லை. மெய்ப்புத் திருத்துபவனின் தங்கை என்று வெளியில் சொல்லிக்கொள்ளாதே. அச்சகத்துக்கு இப்போது அதிகம் போவதில்லை. தாள்களை வீட்டுக்கே வாங்கி வந்துவிடுகிறேன்.

அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணா,

என் திரையில் உன் வீட்டுக்கு இரண்டு வருகிறது. ஆள் எண்ணிக்கை.

எங்கள் மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு விருந்தாளியா?" என்றார். எனக்குச் சந்தோஷம்தான். யாராவது வந்திருந்தால் சொல். ஓட்ட மாட்டேன். கொஞ்சமாக ஓட்டுவேன்.

வாலு

ஏப்ரல் 7

வாலுக்கு,

திரைச்சீலை. பின்னறை சன்னலை நான் மூடுவதில்லை, காற்றில் ஆடுகிறது. அதைத்தான் உன் பெட்டி ஆள் என்கிறது. இங்கே வேறு யாரும் இல்லை.

வேண்டுமானால் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அண்ணன்

ஏப்ரல் 18

அண்ணா,

திரைச்சீலை மூச்சு விடாது.

பின்னறையில் யாரோ படுத்திருக்கிறார்கள். எழுந்து நடப்பது அபூர்வம். நடந்தாலும் அறை வாசலைத் தாண்டுவதில்லை. நீ வெளியே போகும்போதும் அந்த மூச்சு அங்கேயேதான் இருக்கிறது. நான் பார்க்கக் கூடாததுதான். பார்த்துவிட்டேன்.

அண்ணியின் அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். மகள் உன்னை விட்டுவிட்டு வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்டாள் என்று நீ அவரிடம் சொன்னதையே திருப்பிச் சொன்னார். பிறகு, "உன்கிட்டயாவது பேசினாளாம்மா?" என்று என்னையே கேட்டார்.

அண்ணி அங்கேதான் இருக்கிறாரா? பின்னறைக் கதவு எந்தப் பக்கம் தாழிட்டிருக்கிறது என்பதைப் பெட்டி சொல்லாது. நீ சொல்.

வாலு

ஏப்ரல் 29

வாலுக்கு,

இருக்கிறாள். எங்கும் போகவில்லை. நோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது இது: "அவ விட்டுட்டுப் போயிட்டாள்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. திட்டிட்டு மறந்துடுவாங்க. வந்து உக்காந்து அழுதாங்கன்னா என்னால தாங்க முடியாது."

அவ்வளவுதான். கதவில் தாழே கிடையாது.

என் வீட்டுக்குள் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இன்று பெட்டியைப் பிடுங்கப் போனேன். அவள்தான் தடுத்தாள். என்னை நம்பாவிட்டால் கீழே அவள் கையெழுத்தைப் பார்.

அண்ணன்

குட்டி, பெட்டி இருக்கட்டும். அந்தப் பக்கம் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு வேண்டும். – அண்ணி

மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு, அல்லது அண்ணிக்கு,

கையெழுத்து அண்ணியுடையதுதான். எழுத்து நடுங்கியிருந்தது. நோயில் நடுங்கியதா, பக்கத்தில் நின்றவருக்குப் பயந்து நடுங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றே கிளம்பியிருக்க வேண்டும். லீவு கேட்டேன், இந்த மாதம் முடியாது என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். திரையில் இரண்டு இருக்கும்வரை தள்ளிப்போடலாம் என்று தோன்றியது. பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்று இந்தப் பெட்டி என்னைப் பழக்கிவிட்டது.

நேற்று காலையிலிருந்து ஒன்று.

யாரோ கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாலையிலும் ஒன்று. இன்றும் ஒன்று. அந்த ஒன்று பின்னறைக்குப் போகிறது, கூடத்துக்கு வருகிறது, சமையலறையில் நிற்கிறது. யார் என்று சொல்லும் அளவுக்குப் பெட்டி இன்னும் தேறவில்லை.

உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்தேன்.

"நீங்க நேர்ல பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார். வைஃபைல தெரிஞ்சுது."

வைத்துவிட்டார்.

யாரிடமும் கேட்காமல் கிளம்பிவிட்டேன். இதை ரயிலில் எழுதுகிறேன், கோணல் எழுத்துக்கு மன்னிக்கவும். கதவு திறக்காவிட்டால் இதை அடியில் தள்ளிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். நீங்கள் உள்ளே நடப்பது என் கைபேசியில் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, திறக்காமல் மூச்சு விடுவதும் தெரியும். அதனால் திறந்துவிடுங்கள்.

யார் திறந்தாலும், இன்னொருவர் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன்.

வாலு