நான் கிழித்த பயம் அட்டை

அனுப்புநர்:
அ. சவுரிமுத்து,
லெதர் கம்பெனித் தொழிலாளி,
பல்லாவரம்.

பெறுநர்:
குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்கள்.

பொருள்: அங்கன்வாடி ஆசிரியை ஹேமாவதி மீது நான் கொடுத்த பொய்ப்புகாரை ரத்து செய்து, அவரை மீண்டும் பணியமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது 14.07.2025 தேதியிட்ட புகார்.

மதிப்பிற்குரிய அம்மா,

1. பார்வையில் கண்ட புகாரில், என் மகள் சினேகா (வயது 4) மையத்து ஊஞ்சலிலிருந்து விழுந்து இடது கை முறிந்ததாக எழுதியிருந்தேன். அது பொய். முறித்தவன் நான்.

2. ஹேமாவதி டீச்சர் பிள்ளைகளுக்கு முகம் வரைந்த நான்கு அட்டைகள் செய்து கொடுத்திருந்தார். சந்தோஷம், கோபம், அழுகை, பயம். வாயால் சொல்ல வராவிட்டால் அட்டையைக் காட்டலாம், யாரும் திட்டமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார். என் மகள் அதை நம்பினாள்.

3. ஜூலை 11, வெள்ளிச்சந்தை நாள். மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று என் மனைவி தனத்தின் தலைமயிரைப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதிக்கொண்டிருந்தேன். சினேகா குறுக்கே வந்து பயம் அட்டையை நீட்டி, "அப்பா, எனக்கு இது கீதுப்பா" என்றாள். நண்டு அளவு இருந்துகொண்டு எனக்கே பாடம் எடுக்கிறாளா என்ற ஆத்திரத்தில் அட்டையைக் கிழித்தேன். பெல்ட்டால் அடித்தேன். கையைப் பிடித்துத் தூக்கி எறிந்தேன். அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். எலும்பு முறியும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன்.

4. திங்களன்று மையத்துக்குப் போய், பிள்ளைகள் கண்முன்னே டீச்சரைக் கன்னத்தில் அறைந்தேன். சுவரில் ஒட்டியிருந்த முகங்களையெல்லாம் கிழித்தேன். சத்துமாவு வாளியை உதைத்தேன். அதன் பிறகுதான் அந்தப் புகாரை எழுதினேன். தனத்தையும் மிரட்டி ஆமாம் என்று சொல்ல வைத்தேன். டீச்சருக்கு வேலை போனது.

5. தனம் இப்போது மகளோடு பக்கத்துத் தெருவில் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். நேற்று அங்கே போனேன். கிழிந்த அட்டையை டேப் போட்டு ஒட்டி, வீட்டில் கிடந்த மற்ற மூன்றோடு எடுத்துப்போயிருந்தேன். நான்கையும் தரையில் பரப்பி, இப்போது எது என்று சினேகாவைக் கேட்டேன். மாவுக்கட்டுப் போட்ட கையோடு குனிந்து, சந்தோஷம் அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் நின்ற இடம் ஈரமாகியிருந்தது.

6. ஆகவே டீச்சரை உடனே திரும்ப அனுப்பும்படி கைகூப்பிக் கேட்கிறேன். என் குற்றத்தைக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன், எந்தத் தண்டனைக்கும் தயார். பயமாக இருக்கிறது என்று சொல்ல என் மகளுக்கு ஓர் ஆள் வேண்டும். என்னிடம் அவள் இனிச் சொல்லமாட்டாள்.

இடம்: பல்லாவரம்
நாள்: 18.08.2025

தலைகுனிந்து,
அ. சவுரிமுத்து

இணைப்பு: ஒட்டிய அட்டை – 1. டீச்சரிடம் சேர்க்கவும்.