இருபத்தோராவது குழி

கடந்த திங்கட்கிழமை, ஒரு வார காலத் தீவிர ஆலோசனைக்குப் பிறகு, காலையும் இரவும் விழுங்கும் என் பிரசர் குளிசைகளை அலுமாரியிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு இடம்மாற்றுவதென்று தீர்மானித்தேன். இத்தகைய முடிவுகளை அவசரத்தில் எடுக்கக் கூடாது. மேசையின் எந்த மூலை என்பதற்கே இரண்டு நாள் போயிற்று. குளிசைகள் இருப்பது, மச்சான், நீ செய்து, பிழையென்று ஒதுக்கி, என் தலையில் கட்டிய மரப்பெட்டியில். மூடியைத் திறந்ததும் முதிரை மர வாசம் வந்தது. கூடவே நீயும் வந்து எதிர்க் கதிரையில் இருந்தாய்.

உன் மகள் சுவிசில் ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் முடித்தபோது நீ போகவில்லை. "மாப்பிள்ள எந்தக் குடி எண்டு ஊருல கேட்டா நான் என்னத்தச் சொல்ற?" என்றாய். நம் மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய் வழியேதான் வருகிறது, பேரப்பிள்ளைகளுக்கு உன் மகளின் குடியே போதும், உனக்கு இதில் ஒரு நட்டமும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். நியாயமான வாதங்கள் உன்னை எப்போதும் கோபப்படுத்தின. அதன் பிறகு ஆறு வருடம் நீயும் அவளும் பேசவில்லை.

அவள் படங்களை எனக்கு அனுப்புவாள். நான் போனை உன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வாவியில் தண்ணீர் கூடிவிட்டதைப் பற்றிப் பேசுவேன். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பது வருடம் இருந்த நீ, வாவியைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டே படத்தைப் பார்ப்பாய். வாவியைப் பற்றி அந்த ஆறு வருடத்தில் நாம் பேசியதை எழுதினால் திணைக்களத்துக்கே உதவும்.

ஒருநாள் அவள் சமைக்கும் குசினியின் படம் வந்தது. ஒரு மெசின், பக்கத்தில் காலைச் சாப்பாட்டுப் பாண் வைக்கும் கூடை, கூடை நிறையச் சின்னச் சின்னக் குப்பிகள்.

"உது என்ன மச்சான், குளிசையா?"

"கோப்பியாம். ஒண்ட மெசினுக்குள்ள போட்டா ஒரு கோப்பை வருமாம்."

"அதுக்கு இப்பிடியா? பாண் கூடைக்குள்ள அள்ளிப் போட்டுக் கிடக்கு. ஒரு பெட்டி செய்ய ஏலாதா அந்த மனிசனுக்கு?"

மருமகனைப் பற்றி நீ பேசிய முதல் வசனம் அது. நான் போனை இன்னும் கொஞ்சம் உன் பக்கமாகச் சாய்த்தேன்.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. குப்பியின் அளவை அவளிடம் கேட்கக் கூடாது என்றாய். பாசிக்குடாவில் ஒரு விடுதியில் வேலை செய்யும் என் தங்கை மகன் வெறும் குப்பி ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தான். அதை நீ, அணைக்கட்டுக் கதவை அளப்பதுபோல், மூன்று தரம் அளந்தாய். மரம்? மகள் படித்த மேசையின் இரண்டு கால்களை அறுத்தாய். "வேற மரம் கிடைக்கல்ல" என்றாய். ஆரையம்பதிக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் மரம் விற்கும் மரக்காலைகள் எத்தனை என்று நான் சொல்லவில்லை.

முதல் பெட்டி அழகாகவே வந்தது. நாலுக்கு ஐந்தாக இருபது குழிகள், ஒவ்வொன்றிலும் குப்பி விளிம்பில் தொங்கி நிற்கும். மூடியில் இரண்டு மீன் செதுக்கியிருந்தாய். நம் ஊர் மீன் பாடுமென்று பெயர் வாங்கியதால் ஒன்றுக்கு வாயைத் திறந்து வைத்தாய்.

"மத்தது என்ன செய்யிது?"

"கேக்கிது. ஆராவது கேக்கோணும்தானே."

இரண்டும் வெள்ளரிக்காயாகத்தான் தெரிந்தன. அதையும் நான் சொல்லவில்லை. அந்த மாதம் நான் சொல்லாத விடயங்கள் அதிகம்.

பிறகு நீ குழிகளை எண்ணினாய். முகம் மாறிவிட்டது.

"இருவது. ரெட்டப்பட."

"அதுக்கென்ன? கோப்பிக் குப்பி பத்துப் பத்தாத்தான் வருமாம். கணக்குச் சரிதானே."

"விசரா ஒனக்கு? ரெட்டப்படையில ஆரும் தட்டுக் கொண்டுபோவானா? இத நீ வெச்சிக்க. ஒனக்கு இனி என்ன கலியாணமா?"

கலியாண வீட்டுக்குக் கொண்டுபோகும் தட்டுகளை நாம் ஒற்றைப்படையில்தான் எண்ணுவோம். கோப்பிப் பெட்டிக்கு அந்த விதி எப்படி வந்தது என்று நான் கேட்பதற்குள் நீ வாளைத் தேடிப் போய்விட்டாய். மேசையின் மிச்ச இரண்டு கால்களையும் அறுத்தாய். இரண்டாவது பெட்டியில் மூன்றுக்கு ஏழாக இருபத்தொரு குழிகள். அனுப்புநர் பெயராக என் பெயரை எழுதச் சொன்னாய். தபால் கந்தோரில் உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "பெட்டி" என்றேன். பெட்டிக்குள் என்ன என்றார்கள். "குழி" என்றேன்.

மூன்று கிழமையில் அவள் எனக்குப் போன் எடுத்தாள். நீ என் முற்றத்தில்தான் நின்றாய்.

"மாமா, பெட்டி வந்த. இவர் கோப்பிய அடுக்கிப்போட்டு ஒரு குழி மிச்சம், அளவு பிழைச்சிட்டு எண்டு சொல்றார். ஆரு மாமா செஞ்ச?"

"எனக்கென்ன தெரியும் புள்ள, கடையில வாங்கின."

"கடைக்காரர் பக்கத்துல நிக்காரா?"

போனை உன்னிடம் நீட்டினேன். நீ கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினாய். அவள் குரல் எனக்கும் கேட்டது.

"அப்பா, இருவத்தொண்டு வெச்சிருக்கீங்க."

"ஓம்."

"எனக்கு விளங்கின."

அன்று வாவியைப் பற்றிப் பேச யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில், "மழைக்கு முதல் வாங்க. ரெண்டு பேரும்" என்றாய்.

வந்தார்கள். உனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை நீ மரவேலை செய்யும் கொட்டிலில் ஒரு சொல்லும் இல்லாமல் பலகை சீவினீர்கள். கருத்து வேறுபாடே இல்லாத இரண்டு மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உன் மகள் என் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் என்ன செய்யிறாங்க மாமா?" என்றாள். தெரியாது என்றேன். அவர்களுக்கும் தெரிந்திருக்காது. சுருள் சுருளாக மரச்சீவல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஊர் நிலவரம் பற்றி யாராவது என்னிடம் பெரிதாக விளக்க வரும்போது, அந்த முற்பகலைத்தான் மனதில் எடுத்து வைத்துக்கொண்டு தலையாட்டுகிறேன்.

நீ மாசியில் போனாய். அவர்கள் இரண்டாம் நாள் பின்னேரம் வந்து சேர்ந்தார்கள். கொள்ளி வைத்தது மருமகன்.