நீங்கள் போர்த்திய பொன்னாடை

அண்ணே,

இன்று பீரோவைத் திறந்ததும் அந்தப் பச்சைப் பொன்னாடை அந்துருண்டை வாசனையோடு காலடியில் சரிந்து விழுந்தது. ஆசையாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நான் உங்களைச் சரியாகத் திட்டவே இல்லையே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

எங்கள் தெருவுக்கு எஸ்.ஐ.யாக வந்த புதிதில், என் வீட்டுக்காரரின் லேத் பட்டறை வாசலில் நின்று, "வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்கிறோம், நம்பர் குடுங்கம்மா" என்றீர்கள். போலீஸுக்கு நம்பர் கொடுப்பதா என்று தெருவே நழுவியது. "சார், வந்து..." என்று நானும் இழுத்தேன். "சார் எதுக்கு? அண்ணேன்னு கூப்பிடுங்க. அப்பதான் உரிமையா திட்ட முடியும்" என்று சிரித்தீர்கள். காக்கிச் சட்டைக்குள் இப்படியும் ஒரு ஆளா என்று அன்று இரண்டு டம்ளர் டீ கொடுத்தேன்.

குரூப்பில் முதலில் காலை வணக்கமும் கோலப் படமும்தான் வந்தன. பிறகு பிள்ளை பிடிக்கிறவன் சுற்றுகிறான் என்று யாரோ புரளி கிளப்ப, இந்திக்காரப் பஞ்சுமிட்டாய்க்காரர் ஒருவரைத் தெரு ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஓடி வந்தீர்கள். அவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, அவர் மிட்டாயையே தின்றபடி பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துப் போட்டீர்கள். மீசையெல்லாம் ரோஸ் கலர். கீழே, "இவர் பிள்ளை பிடிக்கிறவர் இல்லை, எனக்குப் பசி தீர்த்தவர்" என்று எழுதியிருந்தீர்கள். அடிக்க ஓங்கிய கைகளெல்லாம் மிட்டாய் வாங்கின. அன்றுதான் தெரு உங்களை நம்பியது.

எந்தப் புகாருக்கும் "பார்த்துட்டேம்மா" என்று பதில் வரும். "நடவடிக்கை எடுக்க நேரமாகலாம். பதில் போட என்ன கேடு? பதில் வராத மெசேஜ்தான் ஜனங்களுக்கு வலிக்கும்" என்பீர்கள்.

அந்த நம்பிக்கையில்தான், பட்டறைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த ஷெட்டில் கஞ்சா விற்கிறார்கள் என்று உங்களுக்குத் தனியாக எழுதினேன். எழுதிவிட்டு, பயத்தில் போனும் பண்ணினேன். "உங்க பேரு என் வாயிலேர்ந்து வராதும்மா. அண்ணன்னு கூப்பிட்டுட்டு அப்புறம் என்ன பயம்?" என்றீர்கள்.

பிடித்தீர்கள். நன்றாகத்தான் பிடித்தீர்கள். அடுத்த வாரம் குரூப் ஆட்கள் எல்லோருக்கும் பாராட்டு என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். பெரிய அதிகாரி முன்னால் நீங்களே எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். போட்டோ எடுத்தபோது நான் தயங்க, "ஸ்டேஷன் ஃபைலுக்குத்தாம்மா, சிரிங்க" என்றீர்கள். பைத்தியக்காரி, சிரித்தேன்.

சாயங்காலமே அந்தப் படம் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் வந்துவிட்டது. "கஞ்சா கும்பல் பற்றித் துணிச்சலாகத் தகவல் தந்த சகோதரி." என் மூஞ்சி, பல்லெல்லாம் தெரிய. கீழே எத்தனை பேர் கைதட்டியிருந்தார்கள்! அண்ணே, அந்தக் கும்பல்காரர்கள் கையிலும் போன் இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

பட்டப்பகலில் இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். நான் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. லேத்தில் கடைசல் வேலை செய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரரின் வலது கையை இரும்புக் கம்பியால் நொறுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்.

தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு மஃப்டியில் வந்தீர்கள், கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. "போஸ்ட்டை எடுத்துட்டேம்மா" என்றீர்கள்.

"போஸ்ட்டை எடுத்த மாதிரி அவர் கையையும் திருப்பி வச்சிடுவீங்களா அண்ணே?"

"மேலேர்ந்து போட்டோ கேட்டாங்கம்மா. பேஜ்ல நல்ல செய்தி போடணும்னு..."

மேலே இருப்பவர்களுக்கு நான் யார்? என்னைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வெறும் சார் என்று கூப்பிட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு தெருக்காரர்கள் எங்களோடு பேசப் பயந்தார்கள். குரூப்பிலும் ஒருவரும் ஒரு புகாரும் போடவில்லை. மறுபடியும் கோலப் படம்தான். நாங்கள் பட்டறையை மூடிவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வாடகைக்கு வந்துவிட்டோம். கோயில் பக்கம் செருப்பு வைக்கும் இடத்தில் அவர் டோக்கன் கொடுக்கிறார். "கை எப்படி இருக்கும்மா?" என்று நீங்கள் அவ்வப்போது கேட்டு எழுதினீர்கள். பதில் போடவில்லை. எது வலிக்கும் என்று சொல்லிக் கொடுத்தவரே நீங்கள்தானே. நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்ட சேதியும் அந்தக் குரூப்பில்தான் வந்தது.

பொன்னாடையை மடித்துக்கொண்டிருந்தபோது மாடி வீட்டுப் பெண் வந்தாள். காலேஜுக்குப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் இரண்டு பையன்கள் தினமும் தொந்தரவு செய்கிறார்களாம். போனை நீட்டினாள். இந்தப் பகுதிக்கும் ஒரு போலீஸ் குரூப். 'தயங்காமல் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது.'

"நம்பிச் சொல்லலாமாக்கா?"

வேண்டவே வேண்டாம் என்றுதான் வாய் திறந்தது. அதற்குள் எங்கிருந்தோ உங்கள் ரோஸ் கலர் மீசை நினைவுக்கு வந்து தொலைத்தது.

"சொல்லு. சொல்லாம விட்டா அவனுங்களுக்குத்தான் லாபம். ஆனா சார்னே கூப்பிடு, உறவு கொண்டாடாதே. பாராட்டுறோம், பொன்னாடை போடுறோம்னு கூப்பிட்டா மட்டும் போய்க் கழுத்தை நீட்டிடாதே."

"ஏங்க்கா?"

உள்ளே அவர் இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அங்கே பார் என்றேன்.