சம்பந்தி வீட்டுக் கருவாடு

திருவொற்றியூர் குப்பம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் தீனாவுக்கு உன் நைனா தண்டபாணி எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அக்கா ஜெயஸ்ரீ, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் கடலம்மா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நீயும் நீர்கொழும்பில் அந்த மீன் கம்பெனியின் ஐஸ் அறைக் குளிரில் சளி கிளி பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். போன் இருக்கும்போது நைனா எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறார் என்று நீ சிரிப்பாய், ஆனால் நான் போனில் பேசினால் என்ன ஆகிறது என்பதைப் போன மாதம் நீயே பார்த்தாய். எழுத்தில் தப்பு வந்தால் அடித்துவிட்டு மேலே எழுதலாம், வாயில் வந்ததை எங்கே போய் அடிப்பது. நான் பத்தாவதில் தமிழில் மட்டும் தேறினவன், அந்தத் தேர்ச்சிக்கு இன்றைக்குத்தான் வேலை வந்திருக்கிறது. மண்ணடி ஒவைஸ் வியாழக்கிழமை துணி மூட்டையோடு மறுபடி கொழும்புக்கு வருகிறான், இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டுச் சேதி என்னவென்றால் ஜெயஸ்ரீயின் பெரியவன் கபடியில் விழுந்து முழங்கை வீங்கியது, இப்போது வடிந்துவிட்டது, மறுபடியும் கபடிக்குப் போகிறான். மழை விட்டதிலிருந்து காசிமேட்டில் நெத்திலி கொட்டிக் கிடக்கிறது, காய வைக்க வெயிலும் இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. உங்கள் ஊரில் வெளிநாட்டுக் கருவாட்டுக்கு வரியை ஏற்றியதிலிருந்து நம் ஏற்றுமதிக்காரர் நம் கருவாட்டுக் களத்துப் பக்கமே தலை காட்டுவதில்லை. தேடிப் போய்க் கேட்டால், 'இன்னா தண்டபாணி, அந்த வரியக் கட்டி வித்தா உன் நெத்திலி அங்க வஞ்சிரம் வெலைக்குப் போவும், எவன் வாங்கித் துன்னுவான்' என்கிறார். அதனால் சாக்கெல்லாம் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. கூடத்தில் ஒரு அடுக்கு, கட்டிலுக்குக் கீழே ஒரு அடுக்கு, நீ படித்த மேசைமேல் ஒரு அடுக்கு, நானும் உன் அம்மாவும் நடுவில் ஒண்டிப் படுக்கிறோம், குப்பத்துப் பூனை அத்தனையும் நம் வாசலில் கூட்டம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கோழித் தீவனத்துக்குக் கேட்கிறார்கள், கொடுக்க மனசு வரவில்லை, ஆரணிச் சந்தைக்கும் வேலூருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். களத்தில் வேலை செய்த பெண்களில் பாதிப் பேரை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லவேண்டி வந்தது, அதைச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இதற்காகக் கவலைப்படாதே, கருவாடு வியாபாரம் செய்கிறவன் பட்டினி கிடந்ததாகக் கதையில்லை, தொட்டுக்கொள்ளவாவது எப்போதும் இருக்கும்.

என் கவலையெல்லாம் உன் கல்யாணம்தான். உன்னோடு வேலை செய்கிற டிலானியைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது, சாமி வேறு என்பதை உன் அம்மா ஒரு பெருமூச்சோடு முழுங்கிவிட்டாள், ராயபுரம் அந்தோணியாருக்கு அவளும் மெழுகுவத்தி ஏற்றினவள்தானே. பெண்ணின் அப்பா கிளமென்ட் பெர்னாண்டோ நம்மைப் போலவே கருவாடு போடுகிறவர் என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கருவாட்டுக்காரர் சங்கத்தோடு சேர்ந்து இந்த வரியை ஏற்றச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தவர் என்பதையும் நீ சேர்த்துத்தான் சொன்னாய், நம்ம தொழில்காரர் என்ற குஷியில் மிச்சத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், பெண் கேட்டு வாய்ச்சொல் ஆனதும் பையன் வீட்டுக் களத்தில் காய்ந்த கருவாடு பெண் வீட்டுக்குப் போகவேண்டும், அவர்கள் சமைத்துத் தின்றால் சம்மதம், திரும்பி வந்தால் பேச்சு முறிந்தது, வெற்றிலை பாக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த முறைப்படிதான் நல்ல வஞ்சிரமாகப் பொறுக்கி ஒவைஸிடம் கொடுத்தனுப்பினேன். அனுப்பினதோடு விட்டேனா, இருக்கிறதிலேயே அழகான சாக்காக இருக்கட்டும் என்று ஏற்றுமதிச் சாக்கைத் தேடி எடுத்தேன், இந்தியாவில் தயாரானது என்று முழ நீள இங்கிலீஷ் எழுத்தில் நீலமாக அச்சடித்தது. வாயைச் சிவப்பு நூலால் நானே தைத்தேன், பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று உன் அம்மாவிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததை ஒவைஸ் வந்து சொன்னபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சங்கத்து ஆட்கள் கிளமென்ட் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இந்தியக் கருவாட்டைத் திட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து இவன் அந்தச் சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. வரி போட்டும் வீடு தேடி வருகிறதே என்று ஒருவன் சொல்ல அத்தனை பேரும் சிரித்தார்களாம், கிளமென்ட் மட்டும் சிரிக்கவில்லையாம். மறுநாள் அவர் போன் செய்தபோது இது ஒன்றும் தெரியாத நான்தான் முந்திக்கொண்டு, எப்படி சம்பந்தி நம்ம சரக்கு, உங்க பக்கத்துல இந்த மாதிரி பார்த்திருக்க மாட்டீங்களே என்றேன். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று குப்பத்துக்கே கேட்கக் கத்தினேன். அந்த மனிதர் குரலை உயர்த்தாமல் சொன்னார், 'அண்ணன், உங்கட கருவாடு சரியில்லை எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்ல. நல்லாயும் இருந்துகொண்டு மலிவாயும் வருதே, அதுதான் எங்கட வயித்துல அடிக்குது.' உங்கள் வழக்கத்தை மகள் சொன்னாள், அதனால்தான் சாக்கைத் திருப்பி அனுப்பவில்லை, ஆனால் அவிழ்க்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு பேச்சே இல்லை. சாக்கு அவர் கொட்டகை உத்தரத்தில் தொங்குகிறது, டிலானி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள், குழம்பைப் பார்த்துத்தான் என்னோடு பேசுகிறாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரே கடல், ஒரே மீன், ஒரே உப்பு, நடுவில் எதற்கு வரி என்று வாசலில் நின்று நியாயம் பேசினேன். உன் அம்மா களத்தைக் கை காட்டினாள். அங்கே நம் பக்கத்துக்கும் பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் பக்கத்துக்கும் நடுவில் உன் அம்மா தன் கையால் அடுக்கி வைத்த செங்கல் வரிசை இருக்கிறது. சொக்கம்மாள் காய வைத்த காரப்பொடி மீன் நாலு இந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும், 'ஏ சொக்கம்மா, உம்மீனு என் மணல்ல காஞ்சிகினு கீது, வாடகை எவ குடுப்பா' என்று இவள் கேட்பாள், 'வெயிலு இன்னா உன் மாமனார் வூட்டு சொத்தா' என்று அவள் கேட்பாள், இது நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நடக்கிற வழக்கு. உன் அம்மாவை ஏன் சொல்ல வேண்டும், ஆந்திராவிலிருந்து லாரியில் மலிவாகக் கருவாடு வந்தபோது எண்ணூர் ரோட்டில் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தவன் யார். தார் சுட்டு முதுகில் கொப்புளம் வந்து நீதான் தேங்காய் எண்ணெய் தடவினாய். நான் ஆந்திராக்காரனுக்கே படுத்தவன், அவர் வேறு நாட்டுக்காரனுக்கு உட்கார்ந்தார். கணக்குப் பார்த்தால் அவர்தான் பொறுமைசாலி.

நடுவில் ஒவைஸ் ஒரு யோசனை சொன்னான். போகும்போதெல்லாம் துணி மூட்டைக்குள் பத்துப் பதினைந்து கிலோ சொருகிக்கொண்டு போகிறேன், கேட்டால் வீட்டு உபயோகம் என்று சொல்லிக்கொள்ளலாம், வரியும் இல்லை வழக்கும் இல்லை, உன் அடுக்கும் குறையும் என்றான். உன்னிடம் மறைப்பானேன், எனக்குச் சபலம்தான். கட்டிலில் கால் நீட்டினால் சாக்கு இடிக்கிறவனுக்கு அந்தச் சபலம் வராதா. ஆனால் பெண் எடுக்கப் போகிற ஊருக்குப் பின்வாசல் வழியாகக் கருவாடு அனுப்பிவிட்டு முன்வாசலில் எந்த முகத்தோடு போய் நிற்பது. வேண்டாம் பாய் என்று சொல்லிவிட்டேன். 'நீ பொழைக்கத் தெரியாத ஆளுய்யா' என்றான். அது ஊருக்கே தெரிந்த விஷயம், நீ வேற எதுக்கு மூச்ச வீணாக்குற என்றேன்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. கொழும்பிலிருந்து திரும்பின ஒவைஸ் நேராக நம் வாசலில் ஆட்டோவை விட்டு ஒரு பொட்டலத்தோடு இறங்கினான். பூனையை விரட்டிக்கொண்டிருந்த உன் அம்மாவுக்கு வாடையிலேயே தெரிந்துவிட்டது, விளக்குமாறைப் போட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். 'திருப்பி அனுப்சிட்டாங்கோ. சாக்குல பவுசு காமிச்ச இல்ல, இப்ப குளிர்ந்துச்சா மனசு, எம்புள்ள வாய்க்கையே போச்சே' என்று ஆரம்பித்தாள். உனக்கு என்ன பதில் சொல்வது என்று அது ஒன்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுச் சொக்கம்மாள் செங்கல்லைத் தாண்டி ஓடிவந்து உன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், நேற்று யாரும் யாரிடமும் வாடகை கேட்கவில்லை. பொட்டலத்தை நான்தான் பிரித்தேன். உள்ளே பனையோலையில் சுற்றி இருந்தது. சொக்கம்மாள்தான் முதலில் எட்டிப் பார்த்துவிட்டு, 'அடியே மங்கம்மா, ஒப்பாரிய நிறுத்து, இது உங்க மீனே இல்ல' என்றாள். ஆமாம், நாம் வயிற்றுப் பக்கம் கீறி உப்பு பூத்து நிற்கிற மாதிரி போடுவோம், இது முதுகுப் பக்கம் கீறிப் புத்தகம் போல் விரித்தது, உப்பு இருக்கிற இடமே தெரியவில்லை, நல்ல கட்டா மீன். அப்போதுதான் ஒவைஸ் வாயைத் திறக்கிறான், 'என்ன எங்க பேச வுட்டீங்க, வண்டிய வுட்டு எறங்கறதுக்குள்ள எழவு கூட்டிட்டீங்க' என்று. கிளமென்ட் தானே அவனைத் தேடி வந்து கொடுத்தாராம். 'இது என்ட கையால போட்டது. முதல்ல அவங்களைத் தின்னச் சொல்லுங்க. பிறகு கதைப்பம்' என்றாராம்.

உன் அம்மா அதற்கு மேல் ஒரு நிமிஷம் உட்காரவில்லை. கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைத்தாள், சொக்கம்மாள் கூட இருந்து புளி கரைத்தாள், கரைத்த பாத்தியதையில் சாப்பிடவும் உட்கார்ந்துவிட்டாள். முதல் துண்டை உன் அம்மாதான் வாயில் போட்டாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். நிதானமாக மென்று முழுங்கிவிட்டு, 'உப்பு கம்மி. ஆனா வெயிலு சரியா கீது' என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என் கருவாட்டை அவள் இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை. நானும் தின்றேன், இரண்டாம் தரம் சோறு வாங்கியும் தின்றேன். தின்னும்போதுதான் அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு மீனாகக் கழுவித் துடைத்துத் திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார், என்னைப் போல் வாரிக் கொட்டிக் காய வைத்ததில்லை. இப்படிப் போடுகிறவரால் என் விலைக்கு விற்க முடியாது. அவர் இடத்தில் நானாக இருந்தால் ரோட்டில் உட்கார்ந்திருக்க மாட்டேன், படுத்திருப்பேன்.

அதற்காக அந்த வரி நல்லது என்று என் வாயால் சொல்ல மாட்டேன், வீட்டில் அடுக்கு இருக்கிறவரை அது வராது. அவர் போட்ட கருவாட்டைப் பார்த்தால் அவர் சொல்வது சரியாக இருக்கிறது, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தால் நான் சொல்வது சரியாக இருக்கிறது, களத்து வேலையிலிருந்து நிறுத்தின பெண்களை நினைத்தால் எதுவுமே சரியாக இல்லை. இதை இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசட்டும், நாம் கல்யாணத்தைப் பேசுவோம். சாக்கு என் புத்திக் குறைவு, கொழுப்பு இல்லை என்று அவரிடம் சொல். நிச்சயத்துக்கு நாங்கள் வரும்போது இங்கிருந்து கருவாடு கொண்டுவரப் போவதில்லை. சீர்த் தட்டில் மீன் இல்லாமல் நம் வீட்டு முறை நடக்காது, அதனால் அந்தத் தட்டுக்கு உங்கள் கடற்கரையில் அவர் சங்கத்துப் பெண்களிடமே அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்கித் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வருவோம். சொல்லும் விலைக்கு என்று நான் எழுதிவிட்டேன், உன் அம்மா பேரம் பேசுவாள், அதை எந்தச் சர்க்காராலும் தடுக்க முடியாது, முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வை.

உனக்கு ஒரு புத்தி, மாமனார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் விலைவாசி பேசாதே. டிலானியை வேளைக்குச் சாப்பிடச் சொல். குளிர் அறையிலிருந்து வந்ததும் வெயிலில் நிற்காதே, காதுக்குத் துணி கட்டு. கடலம்மாவும் அந்தோணியாரும் கலந்து பேசி உங்கள் இரண்டு பேரையும் குறையில்லாமல் வைக்கட்டும். உத்தரத்தில் தொங்குகிற சாக்கை அவர் அவிழ்ப்பதும் அவிழ்க்காததும் அவர் இஷ்டம், நீ அவசரப்படுத்தாதே. அவிழ்த்தால் நம் மீனை இரண்டு தண்ணீரில் ஊறவைக்கச் சொல், உப்பு ஜாஸ்தி. அப்புறம் அந்தச் சாக்கை உள்பக்கம் வெளியே வரும்படி நீயே திருப்பிப் போட்டுவிடு. மறந்துவிடாமல் இது கிடைத்த அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய் இது ஒன்றை மட்டும் சொல், நைனா வீட்டில் தின்றாகிவிட்டது, பூனைக்கு முள்கூட மிச்சமில்லை, இனி கதைக்கலாம்.

இப்படிக்கு உன் நைனா,
கா. தண்டபாணி