நம் வீட்டுச் சுவரில் மட்டும் இல்லாத கோடு

அன்பு மகன் அறிவுமதிக்கு, அம்மா மீனம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை தென்றல் எழுதுவது. இங்கே நான், அப்பா, தென்றல், போன வாரம் இரண்டு குட்டி போட்ட வெள்ளாடு எல்லோரும் சுகம். அங்கே குஜராத்தில் நீயும் உன் ரூம் பிள்ளைகளும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க எல்லையம்மன் துணை. (அடைப்புக்குள் வருவதெல்லாம் தென்றல் சரக்கு. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வேலிகளை எல்லாம் தாண்டிக் குதித்துவிடுவேன். காட்டிக்கொடுத்தால் உன் பழைய போட்டோ, அதுதான் மொட்டை அடித்து அழுதது, என் ஸ்டேட்டஸில் வரும்.) போனில் எதையாவது ஆரம்பித்தால் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலோடு இந்தக் கடிதம். தூளை உடனே டப்பாவில் மாற்று, ஈரக்கையை விடாதே.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். வல்லத்தில் வாடகைக்குப் பார்த்து வைத்திருந்த வீட்டுக்காரரிடம் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். நாம் வீட்டை விட்டுப் போகவேண்டியது இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆறு முழுவதற்கும் சேர்த்து, எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது என்று அரசாங்கத்தில் வடிநிலத் திட்டம் ஒன்று போடுகிறார்கள். அதில் நம் ஏரியின் கலங்கலை இரண்டடி உயர்த்தி, கூடுதல் தண்ணீரைத் தொழிற்பேட்டைக்குக் கொடுப்பதாக இருந்தது. கலங்கல் வழியாகத்தானே நிரம்பிய தண்ணீர் வெளியே போகிறது, அதை உயர்த்தினால் கரை இல்லாத பக்கம் இருக்கிற நம் தெருவுக்குள் தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்ளும். போன மழைக்கே வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்தது. (வந்த விருந்தாளிக்கு இரண்டடி உயரத்தில் நாற்காலி போடுகிறார்கள், அவ்வளவுதான்.)

இந்தத் திட்டத்துக்காக முதலில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்துக்கு நம் ஊரில் யார் இருப்பார்கள் சொல்லு. ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்கள் கம்பெனி லைனில், நைட் ஷிப்ட் ஆட்கள் தூக்கத்தில். வந்த நாலைந்து பேரும் போண்டா சாப்பிட்டுவிட்டுப் போக, மக்கள் மறுப்புச் சொல்லவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். (கருத்து அவர்களிடம், கேட்பு நம்மிடம், கூட்டம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில்.) நானும் நம் தெருப் பெண்களும் பஞ்சாயத்துத் தலைவர் யதிராஜைப் பார்த்து, மறுபடியும் கூட்டம் போடச் சொல்லுங்கள், அதுவும் ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்த பிறகு போடச் சொல்லுங்கள் என்று விடாமல் நச்சரித்தோம். ஆபீஸ் நேரம் தாண்டி அதிகாரிகள் வரமாட்டார்கள் என்றார். ஆபீஸ் நேரம் அஞ்சு வரைக்கும் இருக்குதே அண்ணே, கம்பெனி பஸ் மூன்றரைக்கே வந்துவிடுகிறது, நாலு மணிக்கு வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார், நாள் குறித்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் ஓ.டி. பார்த்துவிட்டு வந்து இறங்கினால், பொங்கலுக்கு நான் கையால் அடித்த சுண்ணாம்புச் சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீலக்கோடு. உன் தங்கையும் அவள் கூட்டாளிகள் இளம்பரிதியும் பூஜாவும் செய்த வேலை. (அம்மா இங்கே சொன்ன நான்கு வார்த்தைகளைத் தபால்காரர் நலன் கருதி விட்டுவிடுகிறேன்.) என்ன ஏது என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. விளக்குமாற்றைக் காட்டி அவளை விரட்டிவிட்டு, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டேன். (அண்ணா, உண்மை இதுதான். கொத்தனார் மட்டம் பார்க்கிற நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் நிற்கும் இல்லையா, அதை வைத்துக் கலங்கலுக்கு மேல் இரண்டடியில் ஆரம்பித்துத் தெரு முழுக்கச் சொட்டு நீலத்தால் கோடு இழுத்தோம். தண்ணீர் எதுவரை வரும் என்று எல்லோருக்கும் கண்ணில் தெரியட்டும் என்றுதான். சுப்பன் மாமா டீக்கடையில் பாய்லர் கழுத்து வரைக்கும் வந்தது. சமுதாயக் கூடத்தில் அதிகாரி உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் தாடை உயரத்துக்கு வந்தது, அதனால் மரியாதைக்காக அங்கே ஒரு ஜிலேபி மீன் வரைந்து ஒட்டினோம்.)

கூட்டத்தன்று அப்பா தான் ஓட்டுகிற கம்பெனி பஸ்ஸைத் திருப்பத்தில் நிறுத்தாமல் நேரே சமுதாயக் கூடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். யூனிஃபார்மும் கழுத்து அட்டையுமாக அத்தனை பேரும் உள்ளே போனோம். இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற சிவகங்கைப் பெண்களும் வந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு என்ன பேச்சு என்று ஒருவர் முனகினார், நாங்களும் இந்த ஏரித்தண்ணியத்தானண்ணே குடிக்கிறோம் என்று ஒரு பெண் சொன்னதும் அவரே நகர்ந்து இடம் கொடுத்தார். வந்திருந்த இன்ஜினியர் ஸுப்ரஜா, ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், சின்ன வயசு. மீனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஆனால் நாங்கள் வருவதற்கு முன்பே தெருவை நடந்து பார்த்திருக்கிறாள். எல்லா வீட்டிலும் கோடு இருக்கிறது, கடைசி வீட்டில் மட்டும் இல்லையே, அந்த வீட்டுக்குத் தண்ணீர் வராதா என்று கேட்டாள். அது வூடு இல்ல மேடம், கப்பல் என்று சுப்பன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கோடு எதற்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவிலேயே பள்ளமான வீடு நம்முடையது, அதில் கோடு இல்லை என்றால் மற்ற கோடெல்லாம் பிள்ளைகள் கிறுக்கினது என்றுதானே ஆகும். உடன் வந்த ஆபீசர் ஒருவர் அதையேதான் சொன்னார். அப்புறம் எழுந்தேன்.

"மேடம், அந்தக் கோட்டக் கழுவினது நான்தான். சுண்ணாம்பு பாழாப்போச்சேன்னு ஆத்திரத்துல கழுவிட்டேன். எங்க வூடுதான் மொதல்ல முழுவும். டியூப்பு இங்கதான் கீது, நீங்களே ஒரு பக்கம் புடிச்சுப் பாருங்க."

அவள் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தாள். கூட்டம் மொத்தமும் தெருவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் கோட்டில் ஒரு முனை அவள் கையில், நம் சுவரில் மறு முனை என் கையில், நடுவில் டியூப் மடங்காமல் சிவகங்கைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே தண்ணீர் நின்றது, நான் தேய்த்த தழும்பு இருக்கிற அதே இடத்தில். தெருவே கைதட்டியது, வீடு முழுகப்போகிறது என்று தெரிந்து கைதட்டின ஊர் நம் ஊராகத்தான் இருக்கும். திட்ட வரைபடத்தில் நம் தெரு வெறும் நிலமாக இருக்கிறதாம், வீடுகள் வந்ததை யாரும் ஏற்றவில்லையாம். அங்கேயே நின்று எழுதினார்கள்: கலங்கலை உயர்த்துவதை ஊர் ஒப்புக்கொள்ளவில்லை, அதற்குப் பதில் ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்திக் கூடுதல் தண்ணீர் நிறுத்தலாம், வரத்துக் கால்வாயில் அடைபட்ட குழாயை மாற்றவேண்டும். எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், படித்தாள். மறுப்புச் சொல்லவில்லை என்றுதானே போன தடவை எழுதினீர்கள், இந்தத் தடவை வந்து சொன்னோம் என்றும் எழுதுங்கள் என்றேன், அதையும் எழுதினாள். கலங்கல் உயரம் திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டதாகப் போன வாரம் பஞ்சாயத்துக்குத் தாள் வந்துவிட்டது. தூர்வாருவதை முடிவு செய்ய நவம்பர் முதல் தேதி கிராம சபை.

ஆகையால் கண்ணு, வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று இனி போனில் ஆரம்பிக்காதே. தீபாவளி லீவை முன்கூட்டியே எடுத்து அந்தச் சபைக்கு வந்து சேர். உன் பெயர் இன்னும் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது, வந்து முன் வரிசையில் உட்கார்ந்து கையைத் தூக்கு. அங்கேயும் உன் ஏரியாவில் தண்ணீர்க் கூட்டம் நடந்தால் போ, பாஷை தெரியாவிட்டாலும் போய் உட்கார், ஆள் இருக்கிறது என்று தெரியட்டும். வெயிலில் அலையாதே, ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. நோய்நொடி இல்லாமல், கேட்டது கிடைத்து, நீண்ட நாள் நன்றாக இரு. ரயில் டிக்கெட்டை இன்றைக்கே எடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
மீனம்மாள்

(கையெழுத்து மட்டும் அம்மாவுடையது. சுவரில் அழிந்த கோட்டைக் கூட்டத்துக்கு மறுநாள் அம்மாவே போட்டாள், கொஞ்சம் வளைந்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுச் சிரி.)