நாற்பத்தொரு வார்த்தை

சின்ன காஞ்சிபுரம்
14-9-98

சிரஞ்சீவி வர்தனுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் பெருமாள் கிருபையில் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் அவர் காதில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் கோயில் படி ஏறாதீர்கள் என்றால் கேட்டால்தானே. நீ கேட்ட புளிக்காய்ச்சல் பண்ணி வைத்திருக்கிறேன், அமெரிக்கா கிளம்புகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லு, கொடுத்தனுப்புகிறேன். இப்படிச் சுற்றி வளைக்கிறேனே, ஏதோ இருக்கிறது என்று உனக்கே தெரிந்திருக்கும். சொல்லிவிடுகிறேன் அப்பா. நம் கங்கையம்மாளுக்கு வலது கண் போய்விட்டது. அதற்கு நான்தான் காரணம்.

பின் தெருவில் தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாளே, நீ வந்தால் பூவும் முறுக்குமாய் ஓடி வருவாளே, அவள்தான். வைகாசி கருட சேவைக்கு நீ வந்திருந்தபோது கண் முகாமுக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கா, புரை எடுத்துக்கொண்டவர்கள் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று. நீ பென்சிலை எடுத்து வார்த்தைகளை எண்ணினாய். முதல் வாக்கியத்துக்குப் பக்கத்தில் 41 என்று போட்டாய், அடுத்ததுக்கு 38. மாத்திரை டப்பாவுக்குள் வைக்கிற காகிதத்தை எங்கள் ஆபீசில் இப்படித்தான் அளப்போம், ஆனால் எண்ணினால் மட்டும் போதாதும்மா, ஆபரேஷன் பண்ணிக்கொள்ளப் போகிற ஒருத்தியிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லு, காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வாய் என்று கேளு, அவள் முழித்தால் தோற்றது காகிதம், அவள் இல்லை என்றாய். எனக்கு வந்ததே கோபம். இருபத்தெட்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் தமிழை இஞ்சு டேப் வைத்து அளக்க வந்துவிட்டாயா என்று கத்தினேன். நீ ரப்பர் எடுத்து நீ போட்ட நம்பரை நீயே அழித்தாய். ஊருக்குக் கிளம்புகிற வரை என்னிடம் சரியாகப் பேசவில்லை, நானும் பெரிய மனுஷி மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அப்படியே அச்சடித்துக் கொடுத்தோம். சிரசு நனைய நீராடுதல், கண்ணைக் கசக்குதல், பாரம் சுமத்தல் என்று ரயில் மாதிரி போய்க் கடைசியில்தான் ஆகியவற்றை முப்பது நாள்கள் அறவே தவிர்த்தல் இன்றியமையாததாகும் என்று நிற்கும். புரை எடுத்துக்கொள்ள முகாமுக்கு வந்த கங்கையம்மாளுக்கும் ஒன்று கொடுத்தேன், அஞ்சாம் கிளாஸ் படித்தவள், விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பாதி வரி வந்தாள், அப்புறம் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மந்திரம் மாதிரி இருக்குது டீச்சரம்மா என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அசடு, அசடு. புரியவில்லை என்பதை மரியாதையாகச் சொல்கிறாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆபரேஷன் ஆன ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. கண்ணுக்குக் குளிர்ச்சி என்று காலம் காலமாய்ப் பண்ணுகிறதுதானே, நல்லெண்ணெய் வைத்து சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கண் ரத்தமாய்ச் சிவந்து சீழ் கட்டிவிட்டது. நானேதான் மெட்ராசுக்கு அழைத்துக்கொண்டு போனேன். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, வெளிச்சம் தெரியும், இனி அந்தக் கண்ணுக்கு இழை தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர், உனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையா என்று அவளைக் கேட்டார். அவள் இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் ரெண்டு தரம் படித்துவிட்டு, யாரம்மா இதை எழுதியது என்றார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன் வர்தா. அவள் என் பக்கமே திரும்பாமல், யாரோ குடுத்தாங்க சார், தெரியல, எனக்குப் படிக்க வராது, என் தப்புதான் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அடுத்த முகாம் ஐப்பசியில். புதிதாக எழுதினேன், ஒரு வாக்கியத்துக்கு ஆறு வார்த்தைக்கு மேல் இல்லை. தலைக்குக் குளிக்காதீர்கள். எண்ணெய் வேண்டாம். கண்ணைத் தொடாதீர்கள். ஒரு மாசம் இப்படி இருங்கள். நேற்று அதை எடுத்துக்கொண்டு அவளிடமே போனேன். எந்த முகத்தோடு போனேனோ தெரியவில்லை. இடது கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு படித்தாள், காகிதத்தை நான் வாங்கிக்கொண்டதும் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பேப்பர்லயும் இவ்ளோதான் இருந்துச்சா டீச்சரம்மா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

வேறென்ன எழுத. உன்னிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், போன் பண்ணி எனக்குச் சமாதானம் மட்டும் சொல்லாதே, தாங்க மாட்டேன். குளிர் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. புது நோட்டீஸ் இதோடு வைத்திருக்கிறேன், பென்சிலால் நம்பர் போட்டுத் திருப்பி அனுப்பு, இந்தத் தரம் அழிக்க வேண்டாம். தீர்க்காயுசாய் இரு என்று ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா,
ஜெயலக்ஷ்மி